ஒரு நாள் காலையில் கேட்டில் நின்று பாருங்கள்: அம்பத்தூர் எஸ்டேட் முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆலை நடத்தும் உரிமையாளர்களுக்கும், பர்சனல், நிர்வாகப் பொறுப்புகளில் இருப்பவர்களுக்கும், உற்பத்தியாளர் சங்கத்தாருக்கும் வணக்கம்.

நான் எஸ்டேட்டில் ஒரு சிறிய உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்ப்பவன். வீடு கள்ளிக்குப்பம் பக்கம். வேலைக்குச் சைக்கிளில்தான் வருகிறேன். ஊழியர்களைச் சைக்கிளில் வரச் சொல்லி ஊக்கப்படுத்த வேண்டும் என்று உங்களில் சிலர் இப்போது பேச ஆரம்பித்திருக்கிறீர்கள். பார்க்கிங் நெருக்கடி ஒரு காரணம். பெரிய வாடிக்கையாளர்கள் கேட்கும் கார்பன் கணக்கு, அதாவது கம்பெனியால் எவ்வளவு கார்பன் புகை வெளியேறுகிறது என்ற கணக்கு, இன்னொரு காரணம். ஊழியர்கள் வேலைக்கு வந்து போகும் பயணமும் அந்தக் கணக்கில் ‘ஸ்கோப் 3’ என்ற தலைப்பில் வருகிறது. ஊழியர்களின் உடல்நலம் பற்றிய அக்கறையும் உங்களிடம் உண்டு என்று நம்புகிறேன். எந்தக் காரணமாக இருந்தாலும் எனக்கு மகிழ்ச்சிதான். அந்த மகிழ்ச்சியில்தான் எழுதுகிறேன்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். புதிதாக யாரையும் சைக்கிளுக்கு அழைப்பதற்கு முன்னால், ஏற்கெனவே சைக்கிளில் வருகிறவரை உங்கள் கம்பெனி எப்படி நடத்துகிறது என்று ஒரு நாள் காலையில் கேட்டில் நின்று பாருங்கள்.

ஷிஃப்ட் தொடங்குவதற்கு முந்தைய கால் மணி நேரம் போதும். கார் வந்தால் செக்யூரிட்டி ஓடி வந்து தடுப்புக் கம்பியைத் தூக்கி சல்யூட் வைக்கிறார். பைக்குகள் வரிசையாக உள்ளே போய், ஷீட் போட்ட கொட்டகையில் வெள்ளைக் கோட்டுக்குள் நிற்கின்றன. சைக்கிளில் வருகிறவரை மட்டும் “இறங்கித் தள்ளிட்டு வா” என்கிறார்கள். சில இடங்களில் சைக்கிளை உள்ளேயே விடுவதில்லை. வெளியே காம்பவுண்ட் சுவரில் சாய்த்து, மின்கம்பத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு வர வேண்டும். உள்ளே விட்டாலும் இடம் எங்கே? ஜெனரேட்டருக்குப் பின்னால், இல்லாவிட்டால் ஸ்கிராப் கொட்டும் மூலையில்.

அந்த ஸ்கிராப் மூலைக்குக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். லேத்திலும் டிரில்லிங்கிலும் கழிந்த இரும்புச் சுருள் தொட்டியிலிருந்து வழிந்து தரையெங்கும் கிடக்கும். கூலன்ட் எண்ணெயில் ஊறிய, விரல் பட்டால் கிழிக்கிற சுருள். அது சைக்கிள் டயரில் ஏறினால் உடனே தெரியாது. டயரைத் துளைத்து ட்யூபை மெல்ல அரித்துக்கொண்டிருக்கும். மாலையில் வந்து எடுக்கும்போது ரிம் தரையில் உட்கார்ந்திருக்கும். பகல் முழுக்க மேலே நிழல் கிடையாது. ஏப்ரல், மே மாதங்களில் சீட்டில் கை வைக்க முடியாது. டயரின் ஓரம் வெடித்து நூல் தெரிய ஆரம்பிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் செயின் ஒரே வாரத்தில் துருப்பிடித்துவிடும். இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து இரவு பத்து மணிக்குப் பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அத்திப்பட்டு வரை நடக்கிற ஆளை நான் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் பஞ்சர் கடை ஏது?

அப்படி வருகிறவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஹவுஸ்கீப்பிங் பெண்கள், கேன்டீன் உதவியாட்கள், லோடு ஏற்றி இறக்குபவர்கள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து மண்ணூர்ப்பேட்டையிலும் பட்டரவாக்கத்திலும் அறை எடுத்துத் தங்கியிருக்கும் தம்பிகள், ஓய்வு பெறும் வயதை நெருங்கிய சில பழைய தொழிலாளர்கள். கேட்டில் சல்யூட் வைக்கிற செக்யூரிட்டி அண்ணன்கூட சைக்கிளில் வந்தவர்தான். பெரும்பாலானவர்கள் கான்ட்ராக்ட். சைக்கிள் ஸ்டாண்ட் வேண்டும் என்று யாரிடம் போய்க் கேட்பார்கள்? அவர்களைக் கேட்கவும் யாரும் வருவதில்லை.

2018-ல் ஐ.நா. பொதுச்சபை ஜூன் 3-ஐ உலக சைக்கிள் தினமாக அறிவித்ததிலிருந்து அந்த நாளில் பேரணி நடத்துகிற வழக்கம் கம்பெனிகளுக்கு வந்திருக்கிறது. டி-ஷர்ட் கொடுக்கிறார்கள், பேனர் பிடிக்கிறார்கள், கியர் வைத்த சைக்கிளில் மேலாளர்கள் முன்னால் போகிறார்கள். நல்லதுதான், நடக்கட்டும். ஆனால் ஆண்டு முழுக்கச் சைக்கிளில் வந்த ஹவுஸ்கீப்பிங் அம்மா அந்தப் போட்டோவில் இல்லை. அந்த அம்மாவை முன்வரிசையில் நிறுத்திவிட்டுப் படம் எடுக்கிற கம்பெனியை நான் மனதாரப் பாராட்டுவேன்.

நம் ஊர் சைக்கிளுக்குப் புதிதல்ல. 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நம் அம்பத்தூரில்தான் ஆலை போட்டது. ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் இங்கிருந்துதான் நாடு முழுக்கப் போயின. டி.ஐ. சைக்கிள்ஸ் என்ற பெயரில் பேருந்து நிறுத்தமே இருக்கிறது. சைக்கிள் செயின் செய்கிற ஆலையும் நம் அம்பத்தூரில்தான். 1964-ல் தொழிற்பேட்டை வந்தபோது, பாடியிலும் கொரட்டூரிலும் அம்பத்தூர் ஓ.டி.யிலும் வீடு வைத்திருந்த தொழிலாளிக்குச் சைக்கிள்தான் வண்டி. சங்கு ஊதியதும் கேட்டிலிருந்து சைக்கிள்கள் ஒரே நேரத்தில் வெளியே வந்ததைப் பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள். அன்றைக்குப் பெரிய ஆலைகளில் சைக்கிள் ஸ்டாண்ட் என்று தனியாக நீளக் கொட்டகை இருந்தது, டோக்கன் கொடுக்க ஆள்கூட இருந்தது.

அப்புறம் என்ன ஆயிற்று என்பது உங்களுக்கே தெரியும். சம்பளம் கொஞ்சம் ஏறியது, பைக்கிற்குக் கடன் எளிதாகக் கிடைத்தது, சாலையில் லாரி பெருகியது, ஸ்டாண்ட் இருந்த இடத்தில் இன்னொரு ஷெட் எழும்பியது. சென்னைப் பெருநகரில் 2008-ல் நடந்த போக்குவரத்து ஆய்வில் மொத்தப் பயணங்களில் சைக்கிளின் பங்கு 6 சதவீதமாக இறங்கியிருந்தது. ஆனாலும் அது மறைந்துவிடவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விவசாயமும் வீட்டுத் தொழிலும் அல்லாத வேலைக்குப் போகிறவர்கள் எப்படிப் பயணம் செய்கிறார்கள் என்று கேட்டார்கள். நாடு முழுக்க 13.1 சதவீதம் பேர் சைக்கிள் என்றார்கள். ஸ்கூட்டர், பைக், மொபெட் எல்லாம் சேர்த்து 12.7 சதவீதம். அந்த ஆண்டு வரை பைக்கில் வேலைக்குப் போனவர்களைவிடச் சைக்கிளில் போனவர்கள்தான் இந்த நாட்டில் அதிகம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில்கூட நாட்டில் பாதி வீடுகளில் சைக்கிள் இருந்தது.

அப்படியானால் வீட்டில் சைக்கிள் வைத்திருக்கிற பையன் ஏன் பைக்கில் வருகிறான்? ஐ.டி.ஐ. முடித்து அப்ரன்டிஸாகச் சேரும் பையன்களைப் பார்க்கிறேன். முதல் இரண்டு மாதம் சைக்கிளில் வருவார்கள். பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த சைக்கிளாகவே இருக்கும். 2005-06 முதல் அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் படித்த நம் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு அந்தச் சைக்கிள் கிடைத்திருக்கிறது. ஆக, ஓட்டத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. மூன்றாம் மாதம் பார்த்தால் தவணையில் ஒரு பைக் வந்து நிற்கும். ஏன் தம்பி என்று கேட்டால், “கேட்டுல ஒரு மாதிரி பார்க்கிறாங்கண்ணே” என்பான். வேகமோ தூரமோ அவனுக்குப் பிரச்சினையாக இல்லை. உள்ளே நுழையும்போது தான் யார் என்று கேட் சொல்கிற விதம்தான் அவனைக் கடனில் தள்ளியது.

கணக்கை ஒரு முறை போட்டுப் பாருங்கள். கள்ளிக்குப்பம், கொரட்டூர், பாடி, மேனாம்பேடு, முகப்பேர் என்று நம் ஆட்கள் இருக்கிற இடங்களில் பலவும் எஸ்டேட்டிலிருந்து நான்கைந்து கிலோமீட்டருக்குள்தான். ஒரு பக்கம் 4 கிலோமீட்டர் என்றால் போக வர 8. மாதம் 25 நாளுக்கு 200 கிலோமீட்டர். லிட்டருக்கு 40 கொடுக்கிற வண்டிக்கு 5 லிட்டர் பெட்ரோல், இன்றைய விலையில் 500 ரூபாய்க்கு மேல். வண்டித் தவணை, இன்ஷூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் தனி. குறைந்தபட்சக் கூலியை ஒட்டிச் சம்பளம் வாங்குகிறவருக்கு இது எவ்வளவு பெரிய ஓட்டை என்பது சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிற உங்களுக்குத் தெரியாததல்ல. நேரத்தைக் கேட்டால், நிதானமாக மிதித்தாலும் 4 கிலோமீட்டர் 20 நிமிடம். திருவள்ளூர் நெடுஞ்சாலையில் காலை நெரிசலில் பைக்கும் அவ்வளவு சீக்கிரம் வந்துவிடுவதில்லை.

இப்போது அலவன்ஸ் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு மிகவும் உறுத்துவது அதுதான். எங்கள் பக்கத்துக் கம்பெனிகள் சிலவற்றில் கன்வேயன்ஸ், அதாவது பயணப்படி, என்று மாதாமாதம் ஒரு தொகை உண்டு. வாங்க வேண்டுமானால் ஆர்.சி. புத்தகத்தின் நகலும் பெட்ரோல் பில்லும் கொடுக்க வேண்டும். சைக்கிளுக்கு ஆர்.சி.யும் இல்லை, பெட்ரோல் பில்லும் இல்லை. அதனால் அவருக்குப் பணமும் இல்லை. கம்பெனிக்கு இடம் மிச்சம், புகை மிச்சம், சத்தம் மிச்சம் என்று எல்லாவற்றையும் மிச்சம் பிடித்துக் கொடுக்கிறவருக்கு ஒரு ரூபாய் கிடையாது. பைக்கில் வருகிறவருக்குக் கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. சைக்கிளில் வருகிறவருக்கும் அதே தலைப்பில் ஒரு தொகை கொடுங்கள் என்கிறேன்.

இதற்கு முன்மாதிரி நம் நாட்டிலேயே இருக்கிறது. மத்திய அரசு தபால்காரர்களுக்கும் ரயில்வே டிராக்மேன்களுக்கும் சைக்கிள் அலவன்ஸ் கொடுக்கிறது. ஏழாவது சம்பளக் கமிஷன் அதை எடுத்துவிடச் சொன்னது. 2017-ல் அரசு அந்தப் பரிந்துரையை ஏற்காமல், மாதம் 90 ரூபாயாக இருந்ததை 180 ஆக்கியது. தொகை சிறியதுதான். ஆனால் சைக்கிளுக்கும் ஒரு செலவு உண்டு, அந்தச் செலவு வேலைக்காக ஆகிறது என்று அரசாங்கம் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. பெல்ஜியத்தில் 2023 மே முதல் தனியார் துறையிலும் சைக்கிளில் வேலைக்கு வருகிறவருக்குக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று முதலாளி கொடுக்க வேண்டும். தொடக்கத்தில் அது 27 சென்ட். பிரிட்டனில் 1999-லிருந்தே சம்பளத்தில் தவணையாகப் பிடித்துக்கொண்டு வரிச் சலுகையோடு சைக்கிள் வாங்கித் தரும் திட்டம் இருக்கிறது. நம்மிடம் அப்படி வரிச் சலுகை இல்லை. ஆனால் ஃபெஸ்டிவல் அட்வான்ஸ் இருக்கிறதே! தீபாவளிக்குக் கொடுத்துப் பத்து மாதத்தில் பிடிக்கிற அதே முறையில், கேட்கிறவருக்குச் சைக்கிள் அட்வான்ஸ் கொடுக்கலாம். சாதாரணச் சைக்கிள் ஆறாயிரம் ஏழாயிரத்துக்குக் கிடைக்கிறது. 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி.யும் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது.

ஸ்டாண்ட் போடுவதற்குச் செலவாகும் என்று யாரும் சொல்ல மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். இது எஸ்டேட் ஐயா. பத்து அடிக்கு ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை இருக்கிற இடம். கழித்துப்போட்ட எம்.எஸ். பைப் ஸ்கிராப்பிலேயே கிடக்கிறது. ஒரு வெல்டரும் ஒரு ஹெல்பரும் ஒரு நாள் வேலை செய்தால் இருபது சைக்கிளுக்கு ஸ்டாண்ட் ரெடி. ஒன்றே ஒன்று: முன்சக்கரத்தை மட்டும் செருகுகிற கம்பி வரிசையைப் போடாதீர்கள். யாராவது இடித்தால் சைக்கிள் சாய்ந்து ரிம் வளைந்துவிடும், சக்கரத்தை மட்டும்தான் பூட்டவும் முடியும். கவிழ்த்த ‘ப’ மாதிரி பைப்பை வளைத்துத் தரையில் கான்கிரீட்டில் ஊன்றுங்கள். உயரம் முக்கால் மீட்டர், நீளமும் ஏறக்குறைய அவ்வளவே, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையில் ஒரு மீட்டர். இரண்டு பக்கமும் ஒவ்வொரு சைக்கிளைச் சாய்த்து, ஃபிரேமோடு சேர்த்துப் பூட்டலாம். மேலே நான்கு ஷீட். ஒரு கார் நிற்கிற இடத்தில் பத்து சைக்கிள் வரை நிறுத்தலாம். இடம் கேட்டுக்கு அருகில் இருக்கட்டும், செக்யூரிட்டியின் கண் படுகிற மாதிரி. ஸ்கிராப் யார்டிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது.

பக்கத்திலேயே ஒரு காற்றுக் குழாய் வையுங்கள். பெரும்பாலான ஷாப்புகளில் கம்ப்ரஸர் லைன் ஓடுகிறது. ரெகுலேட்டர் வைத்து அழுத்தத்தைக் குறைத்து ஒரு கிளை இழுத்தால் போதும். டூல் ரூமில் இல்லாத ஸ்பேனரா? ஒரு செட் ஸ்பேனர், இரண்டு டயர் லீவர், பஞ்சர் ஒட்டுகிற பசை, ஒட்டுத் துண்டுகள், இவ்வளவையும் ஒரு டப்பாவில் போட்டு செக்யூரிட்டி அறையில் வைத்துவிடலாம்.

வியர்வை பற்றி அலுவலகத்தில் வேலை செய்பவர்கள் கேட்பார்கள், நியாயமான கேள்வி. மெஷின் ஷாப்பில் நிற்கிற எங்களுக்கு வியர்வை புதிதில்லை. கணக்குப் பிரிவில் இருக்கும் அம்மணிக்கும் டிசைனில் இருக்கும் தம்பிக்கும் வந்தவுடன் முகம் கழுவி உடை மாற்ற ஓர் இடம் வேண்டும். 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் 42-வது பிரிவிலேயே கழுவுமிட வசதியைக் கட்டாயமாக்கியிருந்தது. 43-வது பிரிவு உடைகளை வைக்கவும் நனைந்ததை உலர்த்தவும் இடம் தருவது பற்றிப் பேசியது. ஆகவே பல கம்பெனிகளில் இடம் ஏற்கெனவே இருக்கிறது, அதில் பழைய ஃபைல்களும் உடைந்த நாற்காலிகளும் இருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டு ஒரு கண்ணாடி, நான்கு ஆணி, பெண்களுக்குத் தனியாகத் தாழ்ப்பாள் உள்ள அறை. இவ்வளவு போதும்.

வேலைக்கு வருவதோடு சைக்கிளின் பயன் முடிந்துவிடவில்லை. நம் எஸ்டேட் ஓடுகிற விதமே ஜாப் ஒர்க்கில்தான். ஒரு கம்பெனியில் கடைந்ததை இன்னொரு இடத்தில் ஹீட் ட்ரீட்மென்ட் செய்து, மூன்றாவது இடத்தில் கிரைண்டிங் போட்டு, நான்காவது இடத்தில் பிளேட்டிங் செய்து திருப்பிக் கொண்டுவருகிறோம். பெரிய லாட் என்றால் குட்டி யானை வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு சாம்பிள் பீஸ், ஒரு கேஜ், டெலிவரி சலானில் விட்டுப்போன ஒரு கையெழுத்து, கூரியர், பேங்க் இதற்கெல்லாம் இரண்டு தெரு தள்ளிப் போக பைக்கை எடுக்கிறோம். சூப்பர்வைசர் ‘பைக் யார்கிட்ட இருக்கு’ என்று தேடி அலைவதிலேயே பத்து நிமிடம் போகும். கம்பெனி பெயர் எழுதிய இரண்டு சைக்கிள், முன்னால் உறுதியான கூடை, பின்னால் அகலக் கேரியர், சாவி செக்யூரிட்டி அறை ஆணியில், எடுக்கும்போது நோட்டில் ஒரு வரி. எஸ்டேட்டுக்குள் எந்தப் பிரிவிலிருந்து எந்தப் பிரிவுக்கும் போய்வந்துவிடலாம். என் கையில் ஒரு மைக்ரோமீட்டர் பெட்டியும் நான்கு பீஸும் இருந்தால், வெண்டரிடம் போய் அளந்து பார்த்து அங்கேயே ஓகே சொல்லிவிட்டு வர சைக்கிளைவிட எளிதான வண்டி எனக்குத் தெரியாது. நிறுத்த இடம் தேட வேண்டியதில்லை, அந்தக் கம்பெனி கேட்டில் மட்டும் என்னை இறங்கச் சொல்லாமல் இருந்தால்!

ரயிலில் வருகிறவர்களுக்கும் இது உதவும். ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் பக்கத்திலிருந்து வருகிறவரை முழுத் தூரமும் மிதிக்கச் சொல்வது நியாயமில்லை. அவர்கள் பட்டரவாக்கத்திலோ அம்பத்தூரிலோ இறங்கி ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிறார்கள், இல்லையேல் வெயிலில் நடக்கிறார்கள். நான்கைந்து கம்பெனிகள் சேர்ந்து ஸ்டேஷன் பக்கம் ஓர் இடம் பிடித்துச் சைக்கிள்களை வைத்தால், கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். தனித்தனிக் கம்பெனியால் ஆகாத காரியம். சங்கம் முன்னால் நின்றால் ஆகும்.

பாதுகாப்பு பற்றிய பயம் எனக்கும் உண்டு, அதை மறைத்துவிட்டு மற்றவர்களைக் கூப்பிட மாட்டேன். 2022-ல் நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் நடந்த மாநிலம் நம் தமிழ்நாடு, 64,105. எஸ்டேட் மெயின் ரோடுகளில் இரண்டு பக்கமும் லாரியும் டிரெய்லரும் நிற்கின்றன. அவற்றைச் சுற்றிக்கொண்டு சைக்கிள் நடுச்சாலைக்கு வர வேண்டியிருக்கிறது, பின்னால் வருகிறவருக்கு அது தெரிவதில்லை. இரவு பத்து மணி ஷிஃப்ட் விட்டு வருகிற வடமாநிலத் தம்பிகளில் பலருடைய சைக்கிளில் விளக்கே கிடையாது. ஷூ, ஹெல்மெட், கையுறை என்று ஷாப்புக்குள் பாதுகாப்புக்குத் தருகிறீர்கள். ஸ்டோரில் பளபளக்கிற பட்டை போட்ட சட்டைகளும் இருக்கின்றன. ஆளுக்கு ஒன்று கொடுங்கள். பின்னால் ஒரு சிவப்பு விளக்கு, முன்னால் ஒரு வெள்ளை விளக்கு, சக்கரத்தில் ரிஃப்ளெக்டர். இதை ஒரு சலுகையாக நினைக்காமல் பாதுகாப்புச் சாமானாகவே ஸ்டோர் புத்தகத்தில் எழுதுங்கள்.

உங்கள் கம்பெனிக்குள் வந்து போகிற லாரிகள் வெளியே ரோட்டில் நிற்காமல் இருக்க நேரம் ஒதுக்கிக் கொடுப்பது உங்கள் கையில் இருக்கிறது. காலை ஷிஃப்ட் தொடங்கும் அரை மணி நேரமும் மாலை விடும் அரை மணி நேரமும் லோடு வண்டிகள் கேட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்று எஸ்டேட் முழுக்க ஒரு கட்டுப்பாடு வைத்தாலே பாதி பயம் குறையும்.

வழியில் ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று சில மேலாளர்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் பைக்கிற்கு வருவதில்லை, சைக்கிளுக்கு மட்டும் வருகிறது. வேலைக்கு வரும்போதும் போகும்போதும் நடக்கிற விபத்தை வேலை சார்ந்த விபத்தாகவே கருத, தொழிலாளர் காப்பீட்டுக்கான இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-ல் 51இ என்று ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பாதுகாப்பு தொடர்கிறது. நடந்து வந்தாலும் பஸ்ஸில் வந்தாலும் சைக்கிளில் வந்தாலும் ஒன்றுதான். பயணத்துக்கும் வேலைக்கும் தொடர்பு இருக்க வேண்டும், அவ்வளவுதான். சைக்கிளில் வந்தால் கம்பெனிக்குப் புதிய பொறுப்பு எதுவும் வந்து சேர்வதில்லை.

சாலைக்காகச் சங்கம் பேச வேண்டிய இடம் மாநகராட்சி. 2011-ல் அம்பத்தூர் நகராட்சி சென்னையோடு சேர்ந்து 7-வது மண்டலமானது. 2014-ல் அதே சென்னை மாநகராட்சி, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்குமான கொள்கையை இந்தியாவிலேயே முதல் நகரமாக ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் அவர்களுக்கான வசதிகளுக்குப் போக வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. தி.நகர் பாண்டி பஜாரில் 2019-ல் அகலமான நடைபாதை வந்தது. தொழிலாளர்கள் இத்தனை பேர் தினமும் வந்து போகிற எஸ்டேட்டுக்கு என்ன வந்தது? தனியாக ஒரு தொழிலாளி மண்டல அலுவலகத்தில் மனுக் கொடுத்தால் ரசீது கிடைக்கும். நீங்கள் எல்லோரும் சேர்ந்து, வரி கட்டுகிறவர்களாகப் போய்க் கேட்டால் இன்ஜினியர் இடத்தைப் பார்க்க வருவார். மெயின் ரோடுகளில் ஒரு பக்கம் சைக்கிளுக்கு ஒதுக்குவது, மழையில் குளமாகிற இடங்களைச் சரிசெய்வது, எரியாத தெருவிளக்குகள். இந்த மூன்றையும் கேளுங்கள்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புதுக்கோட்டையில் 1991-ல் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் தொடங்கி, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிளையும் அதில் சேர்த்தபோது, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். நடுவில் இருக்கும் பாரில் பிள்ளையை உட்கார வைக்க முடிகிறதே என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அங்கே ‘ஓட்டுங்கள்’ என்று சொன்னதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கற்றுக்கொடுத்தார்கள், கடனுக்கு வழி செய்தார்கள், ஊர் பார்க்க மேடை போட்டார்கள். நம் எஸ்டேட்டில் பேக்கிங், அசெம்பிளி, இன்ஸ்பெக்‌ஷன் என்று எத்தனையோ பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்களிடம் கேட்டால், பள்ளியில் ஓட்டியதோடு சரி என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பெனி யார்டைத் திறந்துவிட்டால் பழைய பழக்கம் இரண்டு வாரத்தில் திரும்பிவிடும். அப்புறம், ஒரே திசையில் போகிறவர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து கிளம்புகிற மாதிரி ஷிஃப்டை அமைத்துக் கொடுங்கள். கூட்டமாகப் போனால் இருட்டிய பிறகும் தைரியமாகப் போவார்கள். இரவு ஷிஃப்ட்டில் வேன் கொடுப்பவர்கள் அதைச் சைக்கிளைக் காட்டி நிறுத்திவிடக் கூடாது. அதை இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

உடல்நலத்தைப் பற்றி நீளமாக எழுத வேண்டிய அவசியமில்லை. 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து 2017-ல் வந்த ஆய்வில், சைக்கிளில் வேலைக்குப் போனவர்களுக்கு எந்தக் காரணத்தாலும் மரணம் நேரும் வாய்ப்பு, வண்டியிலும் பஸ்ஸிலும் போனவர்களைவிட 41 சதவீதம் குறைவாக இருந்தது. ஆண்டுக்கு ஒரு நாள் மெடிக்கல் கேம்ப் நடத்துகிறீர்கள். சைக்கிளை அதே கம்பெனி கேட்டில் மரியாதையோடு உள்ளே விடுவதும் உடல்நலத்துக்கு ஒரு வழிதான்.

கட்டாயம் மட்டும் வேண்டாம். முழங்கால் தேய்ந்தவர், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வருகிறவர், இரண்டு வேலை பார்க்கிறவர், 15 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருகிறவர் இவர்களுக்கெல்லாம் பைக்கோ பஸ்ஸோதான் சரி. வாரத்தில் ஒரு நாள் எல்லோரும் சைக்கிளில் வர வேண்டும் என்று சர்க்குலர் போட்டால், அந்த ஒரு நாள் லீவு போடுகிறவர்கள்தான் கூடுவார்கள். வருகிறவருக்கு வழி செய்யுங்கள், மற்றவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மேலாளர்களில் பக்கத்தில் குடியிருப்பவர் ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் சைக்கிளில் வந்து, தொழிலாளியின் சைக்கிளுக்குப் பக்கத்திலேயே தன் சைக்கிளையும் நிறுத்தினால், அப்ரன்டிஸ் பையன் தவணை வண்டி வாங்குவதை ஆறு மாதம் தள்ளிப்போடுவான்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் ஸ்டாண்டுக்கும் ஷீட்டுக்கும் ஏற்பாடு செய்துவிடுங்கள். செக்யூரிட்டி ஏஜென்சிக்கு ஒரு வரி எழுதி அனுப்பினால், சைக்கிளில் வருகிறவரை இறங்கச் சொல்வது நாளைக்கே நின்றுவிடும்; அதற்குச் செலவே இல்லை. அலவன்ஸ், லாரி நேரம், மாநகராட்சி மனு மூன்றையும் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் எடுத்துப் பேசுங்கள். பேசும்போது சைக்கிளில் வருகிறவர்களில் நான்கைந்து பேரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள், அதில் ஒருவராவது கான்ட்ராக்ட் தொழிலாளியாக இருக்கட்டும். எந்த ரோட்டில் எந்த இடத்தில் பள்ளம், எந்தத் திருப்பத்தில் டிரெய்லர் நிற்கிறது, எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்று அவர்கள் மேப்பில் காட்டுவார்கள். கூப்பிட்டால் ஷிஃப்ட் முடிந்ததும் நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
அம்பத்தூர் எஸ்டேட்டுக்குச் சைக்கிளில் வந்து போகும் தரப் பரிசோதகர் ஒருவர்